கற்றலில் நிலுவை சேரும் வயது

கேரளத்தில் பள்ளிப் படிப்பு நான்கு, மூன்று, மூன்று என்று பகுக்கப்பட்டுள்ளது. முதல் நான்கு வகுப்புகள் தொடக்கநிலை. ஐந்து முதல் ஏழு வரை மேல் தொடக்கநிலை. எட்டாம் வகுப்பிலிருந்து உயர்நிலை. எல்லைக்கு அப்பால் தமிழகத்திலோ ஆறு முதல் எட்டு வரை நடுநிலை. பகுப்பு எவ்வாறாயினும், பத்து வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட அந்த நான்கு ஆண்டுகளைப் பற்றியதே இக்கட்டுரை. குழந்தையை முதல் வகுப்பில் சேர்க்கும்போது பெற்றோர் கவலைப்படுகின்றனர். பத்தாம் வகுப்பு வந்ததும் அதைவிட மிகுதியாகக் கவலைப்படுகின்றனர். இடையிலுள்ள ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கடந்து போகின்றன. கற்றலில் விழுந்த சிறு நிலுவை பெருநிலுவையாக வளர்வது அந்த ஆண்டுகளில்தான் என்பதை அண்மைக்கால ஆய்வுகள் தெளிவாகக் காட்டுகின்றன.

நிலுவை என்பது வங்கியில் பணியாற்றும் நமக்கு நன்கு பழகிய சொல். கடன் தவணை ஒன்று தவறினால், அந்த நாளிலிருந்தே அக்கணக்கு கண்காணிப்புக்கு வந்துவிடுகிறது. முப்பது நாள், அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று அதற்குப் படிகள் உண்டு. தொண்ணூறு நாள்களுக்கு மேலும் செலுத்தப்படாதபோதுதான் அது வாராக்கடன் என்று வகைப்படுத்தப்படுகிறது. அதற்கு முன்பே வாடிக்கையாளரை அழைத்துப் பேசவும், தவணையை மாற்றியமைக்கவும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதே அந்தப் படிகளின் நோக்கம். நான்காம் வகுப்பில் பின்னம் புரியாமல் போன குழந்தைக்கு இத்தகைய பட்டியல் எதுவும் இல்லை. அது ஐந்தாம் வகுப்புக்குச் செல்கிறது. ஆறாம் வகுப்புக்கும் செல்கிறது. நிலுவை இருப்பது பத்தாம் வகுப்பில்தான் எல்லோருக்கும் தெரியவருகிறது.

எல்லையோரத்தின் தனிச்சுமை

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகிய ஊராட்சிகளில் வீட்டுமொழி பெரும்பாலும் தமிழே. சந்தைக்குப் பொள்ளாச்சியும் மருத்துவத்திற்குக் கோவையும் இவர்களுக்கு அருகில் உள்ளன. இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்ட லயங்களிலும் ஏலக்காடுகளிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் ஒலிக்கிறது. மூணாறு, மறையூர், வட்டவடை, வண்டிப்பெரியாறு, குமுளி என்று இந்த ஊர்களின் பெயர்களைச் சொன்னாலே நம் வாடிக்கையாளர் பலருடைய முகங்கள் நினைவுக்கு வரும்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, இப்பகுதிகள் கேரளத்தில் அமைந்தன. அதே ஆண்டு அரசியலமைப்பின் ஏழாவது திருத்தத்தின் வழியே 350-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழி வழியே கற்பிக்கப் போதிய வசதிகளைச் செய்து தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்று அப்பிரிவு கூறுகிறது. ‘தொடக்கநிலையில்’ என்னும் சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட வகுப்புகளைப் பற்றி அப்பிரிவு பேசவில்லை. கேரளம் அந்த எல்லையைக் கடந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழிக்கு இடம் தந்துள்ளது. மாநிலக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் கழகம் தமிழ்வழிப் பாடநூல்களை ஆக்கி அளிக்கிறது; பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வையும் தமிழில் எழுதலாம். இது பெருமைக்குரிய ஏற்பாடாகும். எனினும், நூல் கையில் இருப்பதும் அதில் உள்ளது மனத்தில் ஏறுவதும் இருவேறு செய்திகள்.

ஐந்தாம் வகுப்பில் நுழையும் எல்லையோரக் குழந்தையின் நிலையை எண்ணிப் பார்ப்போம். வீட்டிலும் பாடநூலிலும் தமிழ். கடைத்தெருவிலும் பேருந்துப் பலகையிலும் அரசு அலுவலகத்திலும் மலையாளம். பள்ளியில் ஆங்கிலம். ஐந்தாம் வகுப்பில் இந்தியும் வந்து சேர்கிறது. ஆக, நான்கு மொழிகள், நான்கு எழுத்து முறைகள். இவற்றுக்கிடையேதான் அறிவியலும் சமூக அறிவியலும் கணக்கும் கடினமாகத் தொடங்குகின்றன. அட்டப்பாடியின் இருளர், முதுகர், குறும்பர் வீட்டுக் குழந்தைகளுக்கும், 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக உருவான இடமலைக்குடியின் முதுவர் குழந்தைகளுக்கும், தங்கள் வீட்டுமொழி பாடநூலிலும் இல்லை என்பதால் சுமை இன்னும் கூடுதலாகும்.

வகுப்பு ஏற ஏற வளரும் இடைவெளி

நடுநிலை வகுப்புகளைப் பற்றி நம் நாட்டில் நடந்த ஆய்வுகளுள் ஒன்றை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். பொருளியல் அறிஞர்களான கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்திரோ கனிமியான் ஆகிய மூவரும் தில்லியில் 2015இல் நடத்திய ஆய்வு அது. அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பது வரை பயிலும் 619 மாணவர்கள் அதில் பங்கேற்றனர். முதலில், ஒவ்வொருவரும் உண்மையில் எந்த வகுப்பின் தரத்தில் இருக்கிறார் என்பதை அளந்தனர். ஆறாம் வகுப்பு மாணவர் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார். ஒன்பதாம் வகுப்பில் அந்த இடைவெளி நான்கரை வகுப்பாக இருந்தது. அதாவது, மூன்று ஆண்டுகள் பள்ளிக்குச் சென்று வந்த காலத்தில் நிலுவை இரண்டு ஆண்டுகள் கூடியிருந்தது.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் வெளிப்பட்டது. கூடுதல் உதவி பெறாத மாணவர்களுள், வகுப்பின் கடைசி மூன்றில் ஒரு பங்கினர் ஆய்வுக் காலத்தில் ஏறத்தாழ எந்த முன்னேற்றமும் அடையவில்லை. அவர்கள் வகுப்பில் அமர்ந்திருந்தனர். ஆசிரியரும் பாடம் நடத்தினார். ஆனால், அந்தப் பாடம் அவர்கள் நின்ற இடத்திற்கு மிகவும் மேலே நடந்துகொண்டிருந்தது. எட்டாத உயரத்தில் தொங்கும் கயிற்றைப் பிடிக்குமாறு அவர்களிடம் நாள்தோறும் சொல்லப்பட்டது என்றே கொள்ளலாம்.

குலுக்கலில் தேர்ந்த மற்றொரு பாதியினருக்குப் பள்ளி நேரத்திற்குப் பின் வாரத்தில் ஆறு நாள்கள் தொண்ணூறு நிமிடப் பயிற்சி அளிக்கப்பட்டது. அதில் பாதி நேரம் கணினியில். மறுபாதி சிறு குழுவில் ஓர் உதவியாளருடன். கணினி நிரல் ஒவ்வொரு மாணவரும் நின்ற இடத்தைக் கண்டறிந்து, அங்கிருந்து வினாக்களைத் தொடுத்தது. நான்கரை மாதங்களில் அவர்கள் கணக்கில், உதவி பெறாதவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு முன்னேறினர். பின்தங்கியவர்களுக்கே அதன் பயன் ஒப்பீட்டளவில் மிகுதி. ஆயினும், அவர்களது முன்னேற்றம் பள்ளித் தேர்வுகளில் பெரிதாகத் தெரியவில்லை. ஏழாம் வகுப்பில் அமர்ந்து நான்காம் வகுப்புக் கணக்கைக் கற்றுத் தேறிய மாணவரின் உழைப்பை, ஏழாம் வகுப்பு வினாத்தாள் காண்பதில்லை. செலுத்திய தொகை முதலில் வட்டிக்கு வரவு வைக்கப்பட்டு, அசல் குறையாமல் நிற்கும் கடன் கணக்கைப் போன்றதுதான் இது. அசல் குறையவில்லை என்று கண்டு தவணையை நிறுத்திவிடும் வாடிக்கையாளரைப் போல, மதிப்பெண் உயரவில்லை என்று பெற்றோர் மனம் தளர்ந்துவிடக் கூடாது.

பின்னம் புரியாதபோது வட்டியும் புரிவதில்லை

நிலுவை எவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவுகிறது என்பதற்குக் கணக்குப் பாடமே தெளிவான சான்று. பின்னத்தின் மேல் பதின்மம் நிற்கிறது. பதின்மத்தின் மேல் விழுக்காடு. விழுக்காட்டின் மேல் வட்டி. அடிக்கல் அசைந்தால் மேலே உள்ள மூன்றும் அசையும். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று விடை எழுதும் குழந்தை, மேலுள்ள எண்களைக் கூட்டி மேலேயும் கீழுள்ள எண்களைக் கூட்டிக் கீழேயும் எழுதியிருக்கிறது. ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடச் சிறியது. இரண்டு பங்குகளைச் சேர்த்தபின் ஒரு பங்கைவிடக் குறைவது எப்படி என்று அக்குழந்தையிடம் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். தவறு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றிருப்பார்கள்.

சித்தூர்ப் பகுதியில் பால் சங்கத்திற்குப் பால் ஊற்றாத வீடுகள் குறைவு. சங்கச் சீட்டில் கொழுப்பும், கொழுப்பல்லாத திடப்பொருளும் பதின்ம எண்களில் அச்சாகின்றன. நேற்று 8.35, இன்று 8.4 என்றால் எது மிகுதி என்று ஆறாம் வகுப்புக் குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள். முப்பத்தைந்து நான்கைவிடப் பெரியது என்பதால் 8.35 என்று விடை வருமானால், அக்குழந்தையிடம் அறிவுக் குறைவு ஏதும் இல்லை. முழு எண்களுக்குரிய விதியைப் பதின்மத்திற்கும் பொருத்திப் பார்த்திருக்கிறது. உலகெங்கும் இவ்வயதுக் குழந்தைகள் செய்யும் பிழை இது என்று கணிதக் கல்வி ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். பிழைக்குப் பின்னால் உள்ள எண்ணத்தை அறியும் ஆசிரியர் அதைப் பத்து நிமிடத்தில் திருத்திவிட முடியும். அறியாதபோது, அது எட்டாம் வகுப்பு வரை உடன் வருகிறது.

உடும்பன்சோலையின் ஏலக்காடுகளிலும் இப்பாடம் காய்த்துக் கிடக்கிறது. நூறு கிலோ பச்சை ஏலக்காயை உலர்த்தினால் ஏறத்தாழ இருபது கிலோ கிடைக்கும் என்பதை அங்குள்ள சிறுவர்கள் அறிவர். அதுவே இருபது விழுக்காடு என்றும், ஐந்தில் ஒரு பங்கு என்றும், 0.2 என்றும் சொல்லப்படுவதை இணைத்துக் காட்டினால், பின்னமும் பதின்மமும் விழுக்காடும் ஒன்றின் மூன்று வடிவங்கள் என்பது விளங்கிவிடும்.

பேச்சுமொழியும் பாடமொழியும்

எல்லையோரக் குழந்தைகளைப் பற்றி நாம் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு: “அவன் மலையாளம் நன்றாகப் பேசுகிறானே, பிறகு படிப்பதில் என்ன குறை?” இவ்வினாவுக்குக் கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ் விடை தந்துள்ளார். டொராண்டோ நகரில் குடியேறியவர்களின் குழந்தைகளை ஆராய்ந்த அவர், அன்றாடப் பேச்சுமொழி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்துவிடுகிறது என்றும், பாடநூலின் மொழியில் உடன்பயிலும் மாணவர்களுக்கு இணையாக வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன என்றும் கண்டார். விளையாட்டுத் திடலில் தங்குதடையின்றிப் பேசும் குழந்தை அறிவியல் நூலில் தடுமாறுவதன் காரணம் இதுவே. தாய்மொழியில் ஆழமாகக் கற்ற கருத்து இரண்டாம் மொழிக்கும் உடன் செல்கிறது என்பதும் அவருடைய கோட்பாடாகும்.

நைஜீரியாவின் இஃபே பல்கலைக்கழகம் 1970இல் தொடங்கிய ஆறாண்டுத் தொடக்கக் கல்வித் திட்டம் இதனை நடைமுறையில் காட்டியது. ஆறு ஆண்டுகளும் யொரூபா என்னும் தாய்மொழியில் பாடம் கேட்டு, ஆங்கிலத்தைத் தனிப்பாடமாகக் கற்ற குழந்தைகள், இடையிலேயே ஆங்கில வழிக்கு மாறியவர்களைக் காட்டிலும் பாடங்களில் சிறந்து விளங்கினர். ஆங்கிலத்திலும் அவர்கள் பின்தங்கவில்லை.

தமிழும் மலையாளமும் நெருங்கிய உறவு மொழிகள். மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்ததாக மரபு கூறும் இடமும் இதே சித்தூர்தான். ஆனால், உறவின் நெருக்கமே சிலபோது குழப்பத்திற்கும் காரணமாகிறது. மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்பது குடிக்கும் நீர். தமிழில் அது கரைபுரளும் பெருக்கு. மலையாளத்தில் ‘அவகாசம்’ உரிமையைக் குறிக்கும். தமிழிலோ அது கால வாய்ப்பு. தமிழ்வழிப் பிரிவு இல்லாத பள்ளியில் சமூக அறிவியல் வகுப்பில் அமர்ந்திருக்கும் தமிழ்க் குழந்தை, குடிமக்களின் உரிமைகளைப் பற்றிய பாடத்தை நேரத்தைப் பற்றிய பாடமாகக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். தெரியாத சொல்லாயின் அது பொருளைக் கேட்டிருக்கும். தெரிந்த சொல் என்று எண்ணுவதால் கேட்பதில்லை.

கலைச்சொற்களும் இவ்வாறே. தமிழ்நூலின் ‘ஒளிச்சேர்க்கை’ மலையாள நூலில் ‘பிரகாச சம்ஸ்லேஷணம்’. நம் ‘வட்டி’ அங்கே ‘பலிச’. நம் ‘அசல்’ அங்கே ‘முதல்’. எனினும், ‘பரப்பளவு’ இரு மொழிக்கும் பொது. தொண்ணூறும் தொள்ளாயிரமும் இரு மொழியிலும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. வகுப்பறைச் சுவரில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று மூன்று பத்திகள் வரைந்து, பாடத்திற்குப் பத்துச் சொற்கள் வீதம் மாணவர்களையே எழுதச் செய்தால், ஓராண்டில் அது அவர்களே ஆக்கிய அகராதியாகிவிடும். செலவு ஒரு கட்டு வெள்ளைத்தாள் மட்டுமே.

செலவில்லாத மூன்று மாற்றங்கள்

கற்பித்தலை மேம்படுத்துவது என்றால் திறன்பலகையும் கணினியும் வாங்குவது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அவை பயனுள்ளவையே. ஆனால், ஒரு ரூபாயும் செலவில்லாமல் பலன் தரும் மூன்று மாற்றங்களை ஆய்வுகள் நமக்கு அளித்துள்ளன.

முதலாவது, காத்திருத்தல். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ, 1970களில் நூற்றுக்கணக்கான வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தார். வினாவைக் கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடியே காத்திருந்தனர். அதற்குள் விடை வராவிட்டால் வேறொரு மாணவரைச் சுட்டினர் அல்லது தாமே விடையைச் சொல்லினர். அந்த ஒரு வினாடியை மூன்று வினாடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன. தாமாக முன்வந்து பேசுவோர் மிகுந்தனர். மந்தமானவர்கள் என்று ஆசிரியர்கள் கருதியிருந்த குழந்தைகளும் வாய் திறந்தனர். ஒரு மொழியில் கேட்டு, மற்றொரு மொழியில் எண்ணி, மீண்டும் முதல் மொழியில் விடை சொல்ல வேண்டிய எல்லையோரக் குழந்தைக்கு அந்த இரண்டு வினாடிகள் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, நினைவிலிருந்து எடுக்கும் பழக்கம். ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளவியலாளர் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களுள் ஒரு குழுவினர் ஓர் உரைப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தனர். மற்றொரு குழுவினர் ஒருமுறை படித்துவிட்டு, நூலை மூடி, நினைவில் உள்ளதை மும்முறை எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே முன்னின்றனர். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: படித்தவர்களின் நினைவில் 40 விழுக்காடு நின்றது, எழுதிப் பார்த்தவர்களின் நினைவில் 61 விழுக்காடு நின்றது. பின்னர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் இதைச் செய்து பார்த்தனர். மதிப்பெண் பதிவேட்டை அச்சுறுத்தாத சிறு வினாடி வினாக்கள் நடத்தப்பட்ட பகுதிகளில் மாணவர்கள் 92 விழுக்காடும், நடத்தப்படாத பகுதிகளில் 79 விழுக்காடும் பெற்றனர். வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில், நேற்றைய பாடத்திலிருந்து மூன்று வினாக்கள் போதும். மதிப்பெண் வேண்டாம், அச்சமும் வேண்டாம்.

மூன்றாவது, கலந்து பயிலுதல். கணக்கு நூல்களில் ஒரு பாடத்தின் கீழ் ஒரே வகைக் கணக்குகள் இருபது வரிசையாக வரும். எந்த முறையைக் கையாள வேண்டும் என்பது பாடத்தின் தலைப்பிலேயே தெரிந்துவிடுவதால், மாணவர் சிந்திக்க வேண்டியதில்லை. டக் ரோரர் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஏழாம் வகுப்பு மாணவர் 126 பேரிடம், பல வகைக் கணக்குகளைக் கலந்து தந்து பார்த்தனர். ஒரு மாதம் கழித்து நடந்த சோதனையில், வரிசையாகப் பயின்ற கணக்குகளில் 42 விழுக்காடும், கலந்து பயின்ற கணக்குகளில் 74 விழுக்காடும் விடைகள் சரியாக அமைந்தன. வீட்டுப்பாடத்தில் இன்றைய கணக்கு நான்கு, சென்ற மாதக் கணக்கு நான்கு என்று அமைத்துக்கொள்வது எந்த ஆசிரியருக்கும் எளிதே.

நம் பக்கத்து அனுபவங்கள்

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்திகள் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தமிழகத்தில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், குழந்தை தன் வேகத்தில் அட்டை அட்டையாக முன்னேறும் முறையைக் கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியாக நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி முறை வந்தது. பாடத்தைத் தானே படித்தல், மனவரைபடம் வரைதல், குழுவில் தொகுத்தல், வகுப்பின்முன் எடுத்துரைத்தல் என்பன அதன் படிகள். நூலை மூடி மனவரைபடம் வரைவது, மேலே சொன்ன நினைவிலிருந்து எடுக்கும் பழக்கத்திற்கு நெருங்கிய உறவு.

மும்பையிலும் வடோதராவிலும் 2000களின் தொடக்கத்தில் ‘பிரதம்’ அமைப்பு நடத்திய ‘பால்சகி’ திட்டத்தில், அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த இளம்பெண்கள் பின்தங்கிய குழந்தைகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அமர்த்திக் கற்பித்தனர். பெரும் பயன் பெற்றவர்கள் கடைநிலையில் இருந்த குழந்தைகளே. அதை ஆராய்ந்த அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் 2019இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள்.

பெருந்தொற்றுக்குப்பின் 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புக் குழந்தைகளுக்கு மாலை நேரத்தில் தன்னார்வலர்களைக் கொண்டு கற்பித்தது. கிராமப்புறச் சிறு வகுப்புக் குழந்தைகளைத் தொடர்ந்து அளந்த ஆய்வொன்று, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இத்திட்டத்தால் விளைந்தது என்றும் மதிப்பிட்டது. உரிய காலத்தில் முயன்றால் நிலுவையைத் தீர்க்க முடியும் என்பதற்கு நம் அருகிலேயே கிடைத்த சான்று இது.

எட்டாம் வகுப்பும் முப்பது விழுக்காடும்

கேரளத்தில் 2024-25ஆம் கல்வியாண்டு முதல், எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்தின் எழுத்துத் தேர்விலும் குறைந்தது 30 விழுக்காடு பெற வேண்டும் என்னும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்துள்ளது. பெறாதவர்களுக்குச் சிறப்பு வகுப்புகளும் மறுதேர்வும் உண்டு. நிலுவையை மூடி மறைக்காமல் வெளிக்கொணரும் முயற்சி என்ற வகையில் இது வரவேற்கத்தக்கது. ஆனால், தில்லி ஆய்வு காட்டியவாறு மூன்று, நான்கு ஆண்டுகளின் நிலுவையைச் சில வாரச் சிறப்பு வகுப்பில் தீர்ப்பது அரிது. எட்டாம் வகுப்பில் தெரியவரும் குறையை ஐந்தாம் வகுப்பின் தொடக்கத்திலேயே கண்டறியலாம். ஒரு பத்தியைப் பிழையின்றிப் படித்துப் பொருள் சொல்லுதல், நான்கிலக்கக் கழித்தல், ஒரு வகுத்தல், ஓர் எளிய பின்னம் ஆகிய நான்கைக் கொண்டு ஒரு குழந்தை நிற்கும் இடத்தைப் பத்து நிமிடத்தில் அறிந்துவிட முடியும்.

எட்டாம் வகுப்புக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. நடுவண் அரசின் தேசிய வருவாய்வழி, திறன்வழி உதவித்தொகைத் தேர்வு அவ்வகுப்பில்தான் நடைபெறுகிறது. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை இலட்சம் ரூபாய்க்கு மிகாத, அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் இதை எழுதலாம். தேர்ச்சி பெற்றால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய், மாணவரின் வங்கிக் கணக்கிலேயே நேரடியாக வரவாகும். பொதுப்பிரிவினர் இத்தேர்வை எழுத ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும் என்பதே விதி. எனவே, இந்த உதவித்தொகைக்கான தகுதி ஏழாம் வகுப்பிலேயே முடிவாகிவிடுகிறது. தேயிலைத் தோட்டத்தில் நாட்கூலி பெறும் குடும்பத்திற்கு 48,000 ரூபாய் என்பது மகளின் மேனிலைப் படிப்பு தொடர்வதா நிற்பதா என்பதை முடிவு செய்யும் தொகையாகும்.

நம்மால் இயல்வது

படிக்காத பெற்றோர் என்ன செய்ய முடியும் என்னும் வினா எழலாம். அவர்கள் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. “இன்று பள்ளியில் என்ன நடந்தது?” என்று கேட்டால் “ஒன்றுமில்லை” என்றே விடை வரும். “இன்று கற்றதில் ஒன்றை, புத்தகத்தைப் பார்க்காமல் எனக்குச் சொல்” என்று கேட்டால் அது நினைவிலிருந்து எடுக்கும் பயிற்சியாகிவிடுகிறது. கேட்பவருக்கு எழுத்தறிவு தேவையில்லை. கேட்கும் பொறுமை போதும்.

பத்து வயது நிறைந்த சிறுவர் சிறுமியர், வங்கி வகுக்கும் வரம்புக்கு உட்பட்டுத் தாமே சேமிப்புக் கணக்கைத் தொடங்கி இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் நெறிமுறை கூறுகிறது. பத்து வயது என்பது ஐந்தாம் வகுப்பு. கணக்குப் புத்தகத்தில் வரவு, செலவு, இருப்பு என்னும் மூன்று பத்திகளைக் குழந்தை தானே கூட்டிக் கழித்துச் சரிபார்க்கட்டும். வீட்டில் நகைக் கடன் இருந்தால், 20,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 9 விழுக்காடு வீதம் ஆறு மாத வட்டி எவ்வளவு என்று கணக்கிடச் சொல்லலாம். 900 ரூபாய் என்று விடை வந்தால், பின்னமும் விழுக்காடும் அக்குழந்தைக்குக் கைவந்துவிட்டன. வராவிட்டால், நிலுவை எங்கே உள்ளது என்பது நமக்குத் தெரிந்துவிட்டது. இரண்டில் எதுவாயினும் பயனே. ஐயமிருப்பின் குழந்தையை அழைத்துக்கொண்டு கிளைக்கு வாருங்கள். வட்டி போடும் முறையைத் தமிழில் விளக்கிச் சொல்ல நம் ஊழியர்கள் இருக்கின்றனர்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபின் நடைபெறும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் முதல் கூட்டத்தில் பெற்றோர் மூன்று வினாக்களைக் கேட்கலாம்: என் குழந்தை படிப்பதிலும் கணக்கிலும் இப்போது எந்த வகுப்பின் தரத்தில் உள்ளது? பின்தங்கியவர்களுக்கு நாளில் எவ்வளவு நேரம், யார் கற்பிக்கிறார்கள்? பாடச் சொற்கள் தமிழிலும் மலையாளத்திலும் ஒருங்கே சொல்லித்தரப்படுகின்றனவா? குறை கூறும் தொனியின்றி, உடன் நின்று உதவும் எண்ணத்தோடு கேட்டால் ஆசிரியர்களும் மகிழ்ந்து விடை தருவர். ஐந்தாம் வகுப்பில் கேட்க வேண்டிய வினாக்கள் இவை. குழந்தை இப்போது ஏழாம் வகுப்பில் இருந்தால், இந்த ஜூன் மாதமே கேட்டுவிட வேண்டும்.